தாய்மாமன் சீரில் வந்த லேப்டாப்

மகளின் சடங்கன்று தாய்மாமன் சீர் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தபோது, தட்டுகளில் நான் எதிர்பார்த்ததெல்லாம் இருந்தன. பழம், பூ, இனிப்பு, பட்டுப் பாவாடை, வளையல். கடைசித் தட்டில் மட்டும், வெற்றிலைகளுக்கு நடுவே, மல்லிகைச் சரம் சுற்றிய ஒரு சின்ன லேப்டாப் உட்கார்ந்திருந்தது. லயமே வாசலில் கூடிவிட்டது. மகளின் கழுத்தில் நான் போட்டிருந்த புதுச் சங்கிலியை அதற்கப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். எல்லாம் சரிதான். ஆனால் நானும் கம்ப்யூட்டர்காரன்தானே! ஹட்டனில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோகாப்பி, பிரிண்ட், தமிழ் டைப்பிங், ரிப்பேர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் பாதி மெஷின்களுக்கு விண்டோஸ் போட்டது இந்தக் கைதான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு இன்னொருத்தன் லேப்டாப் கொண்டுவருவது, சமையல்காரன் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பார்சல் அனுப்புகிற மாதிரி இல்லையா?

மனைவி கொழுந்தெடுக்கப் போகிறவள். மறுநாள் சாயங்காலம் பூரித்துப்போய் வந்தாள்.

"காலையில பேர் போடற பெரட்டுக் களத்துல இதே பேச்சுதாங்க. மாமன்னா இப்படி இருக்கணும்னு கங்காணியே சொன்னாரு!"

"பழைய சாமான்" என்றேன். "ஆபீசுல கழிச்சுப் போட்டதத் தொடைச்சுக் கொண்டாந்திருக்கான்."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க அதையாவது கொண்டாந்தீங்களா?"

எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு பேர் இல்லை.

மகளுக்குப் படம் வரைகிற பைத்தியம் உண்டு. லேப்டாப் கைக்கு வந்ததும் முதலில் கேட்டதே அதற்கான சாஃப்ட்வேர்தான். என்னிடம்தான் கேட்டாள். "அப்பா, படம் வரையறது ஒண்ணு போட்டுத் தாங்கப்பா." அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி எரிச்சல் அடங்கிவிட்டது. கடையிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து, லயத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பார்க்க, ஜம்பமாகச் சொருகி இரண்டு தட்டுத் தட்டினேன். ஓடவில்லை. உள்ளே இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டிவிட்டு, இனி என்ன செய்யப்போகிறாய் என்பது போலச் சும்மா நின்றது. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதை நான் வாழ்நாளில் தொட்டதில்லை.

என் கடையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். அழித்துவிட்டு விண்டோஸ் போடுவது. இதற்கும் அதையே கொடுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் அந்தக் குட்டி லேப்டாப்பின் வயிற்றில் விண்டோஸ் அடங்காது. அது தெரிந்துதான் மச்சான் இதைப் போட்டிருக்கிறான் என்பதும் புரிந்தது. அந்தப் புத்திசாலித்தனம் அவனுக்கு எதற்கு?

"மாமாவக் கேப்பமாப்பா?" என்றாள் மகள்.

எங்கள் காம்பரா அறையில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் பிடிக்கும். அங்கே போனைச் சாய்த்து வைத்து, அதன் இணையத்தையே லேப்டாப்புக்கும் கொடுத்து, மாமன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இதில் சாஃப்ட்வேரை வெளியே போய்த் தேட வேண்டாமாம். பேரை ஒரு வரியில் எழுதினால் தானே இறக்கிப் போட்டுக்கொள்ளுமாம். ஒவ்வொன்றுக்கும் அவள் சிரித்தாள். நான் அடுப்படியில் நின்று, யாரும் கேட்காத வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பாஸ்வேர்ட் அடிக்கிறேன், எழுத்தே விழ மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. "நான்தான் சொன்னேனே, பழைய சாமான்! கீபோர்டு போயிருச்சு!" என்று சத்தமாகவே சொன்னேன்.

போனுக்குள்ளிருந்து மச்சான் மரியாதையாகப் பதில் சொன்னான். "இல்லீங்க மச்சான். இதுல பாஸ்வேர்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. அப்படித்தான் வச்சிருக்காங்க. அடிச்சிட்டு என்டர் தட்டச் சொல்லுங்க."

தட்டினாள். வேலை செய்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் என் கண்ணைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் கடவுள் என் பக்கமும் கொஞ்சம் இருந்தார். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக் கரண்ட் போனது. பழைய பாட்டரி ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து திரும்பத் திறந்தபோது, எதைப் போடச் சொன்னாலும் ஒரே பிழைச் செய்தியைக் காட்டிப் பிடிவாதம் பிடித்தது. மாமன் என்னவோ சொல்லிப் பார்த்தான். மழையில் பாதி வார்த்தை வந்தது, பாதி வரவில்லை. கடைசியில், "நீ அழாத. தீவாளிக்கு வாரேன். வந்து சரி பண்ணித் தாரேன்" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தீபாவளிக்கு இன்னும் பல வாரம் இருந்தது. மகள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். இது என் முறை.

அந்தப் பிழைச் செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்குப் போட்டோகாப்பிக்கு வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னேன். என் பெரிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடு தேடென்று தேடினேன். பாதி வேலையில் நின்றுபோனதை முடித்துவிடு என்று அதற்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஒரு வரி! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மந்திரம் போல உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கொண்டா அத" என்றேன் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல். வரியை எழுதினேன். பாஸ்வேர்டை மகள் அடித்தாள். எழுத்து விழவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. திரையில் வரிகள் மடமடவென்று ஓடின. பிறகு படம் வரைகிற சாஃப்ட்வேரைக் கேட்டோம். பொறுமையாக இறங்கி, தானே உட்கார்ந்துகொண்டது. திறந்ததும் வெள்ளைத் தாள் ஒன்று திரையில் விரிந்தது.

"அப்பா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே ஜன்னலுக்கு ஓடினாள். "மாமாகிட்டச் சொல்லணும்!"

சொன்னாள். "அப்பா போட்டுத் தந்துட்டாரு மாமா!"

"அப்பாவா? நல்லதும்மா. ரொம்ப நல்லது." பிறகு, "நான் லீவுக்குக்கூடச் சொல்லி வச்சிட்டேன். அதுக்காகவே ரெண்டு நாள் முன்னாடியே வாரதா இருந்துச்சு. பரவால்ல" என்றான்.

அந்தப் 'பரவால்ல'வை எனக்கு நன்றாகத் தெரியும். சடங்கு வீட்டில், சங்கிலியைப் பார்க்கவே இல்லையே என்று பிறகு சொன்ன ஒவ்வொருவரிடமும் அதே குரலில்தான் நானும் சொன்னேன். கொழும்பில் வாடகை அறையில் தனியாக இருக்கிறவன். அவனுக்கென்று இருக்கிற ஒரே சிக்னல் இந்த ஜன்னல்தான். பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷமும் கூடவே இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போனை வாங்கினேன். "மச்சான், இதுல பிரிண்ட் எடுக்கறது மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நீ சொன்னபடி முன்னாடியே வந்துரு."

மகள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், என் கடையில் இரண்டு பிரிண்டர்கள் இருப்பதும், நான் நினைத்தால் எப்படியாவது எடுத்துவிடுவேன் என்பதும்.

"அதுக்கென்ன மச்சான், வந்து பாத்துக்குவோம்!" குரல் உடனே துள்ளியது.

வந்தான். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கியவன் தோளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே புத்தம்புதுப் பிரிண்டர். லயமே மறுபடியும் வாசலுக்கு வந்தது. மகள் குதித்தாள். மனைவி என்னைப் பார்த்து, "தம்பி மனசப் பாத்தீங்களா?" என்றாள். இரக்கப்பட்டதற்கு எனக்கு இது வேண்டியதுதான். எரிந்த வயிறு அணையவே இல்லை.

பிரிண்டருக்கும் தனியாக ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டியிருந்தது. அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். அவன் கீபோர்டை இழுத்தான், நான் என் பக்கம் இழுத்தேன். எப்படியோ போட்டு முடித்தோம். மகள், தான் வரைந்துவைத்திருந்த ஒரு படத்தை எங்களுக்குத் திறந்து காட்டாமலேயே பிரிண்டுக்கு அனுப்பினாள். பிரிண்டர் முக்கி முனகி ஒரு தாளை வெளியே தள்ளியது. மச்சான் கையை நீட்டினான். நானும் நீட்டினேன்.

அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து, அடுப்படிக்குப் போய், அதை அவள் அம்மாவிடம் கொடுத்தாள்.

மனைவி கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு வாங்கினாள். படத்தை எட்டிப் பார்த்தேன். வேலை முடிந்து நனைந்து வந்தவள், மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்கிறாள். தினமும் என் கண்ணெதிரே நடப்பதுதான்.

"இது நானா?" என்றாள் மனைவி. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

என்ன வரையப்போகிறாய் என்று அந்தப் பிள்ளையிடம் நாங்கள் இருவருமே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீட்டிய கையை மச்சான் மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் அவனுக்கும் எனக்கும் பொறாமை, அந்தத் தாளைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் மேல்தான் இருந்தது.