கண்ணாடிக் கடைக்காரரின் உலக சமாதானம்

என் அப்பாவுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வேலை உலக சமாதானம். கடை கீழே, சமாதானம் மாடியில். 'பல நாட்டு நட்பு மன்றம்' என்ற பலகை கடைப் பலகையைவிடப் பெரிது. அதைத் தூரத்திலிருந்தே படித்துவிடுகிறவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படாது, அதனால்தான் வியாபாரம் படுத்துக்கிடக்கிறது என்பது அம்மாவின் கட்சி.

மன்றத்தின் வேலை இதுதான். இங்கிருந்து ஒரு பிள்ளை வேறு நாட்டுக்குப் போய் ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கிப் படிக்கும். அந்தக் குடும்பத்துப் பிள்ளை இங்கே வந்து, அனுப்பின வீட்டில் தங்கும். இடம் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் எங்கள் வீட்டில். "ஒரு வீட்டுல சாப்பிட்டவன் அந்த வீட்டு மேல குண்டு போடமாட்டான் சார்" என்பார் அப்பா. அளவு பார்க்க வந்தவரின் மூக்கில் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, அவர் எழுந்து ஓட முடியாத நேரம் பார்த்துச் சொல்வார். பாவம், கண்ணைக் காட்ட வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

முக்கியமாக ஒரு நாடு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு காலத்தில் பெரிய சண்டை. இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் சில பேருக்கு முகம் சுருங்கும். அப்பா அங்கேதான் விடாப்பிடியாகப் பிள்ளைகளை அனுப்புவார். அழுகிற அம்மாக்களிடம், "எதுக்கும்மா அழறீங்க? காட்டுக்கா அனுப்புறோம்? அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க!" என்று அதட்டுவார்.

அந்த நாட்டுக்கு இந்த முறை தேர்வானது நான்.

சேதி வந்த அன்று காலையில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா இனிப்பு கொடுத்தார். சாயங்காலம் ஆனதும், "அங்க குளிர் ஜாஸ்தியாமே" என்றார். மறுநாள், "தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்றாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அம்மா சிரித்தாள். "ஊருக்குத்தான் உபதேசம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

அங்கிருந்து முதலில் ஒரு குடும்பம் என்னைக் கேட்டது. அவர்கள் வீட்டில் நாய் இருந்தது, அதனால் அப்பா வேண்டாம் என்றார். அடுத்த வீட்டில் நாய் இல்லை. "ஒரு நாய்கூட இல்லாத வீட்டுல என்ன பாதுகாப்பு?" என்றார். மூன்றாவது வீட்டில் மாடிப்படி செங்குத்தாம். நான் பிறந்ததிலிருந்து மன்றத்தின் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். அது ஏணியைவிட மோசம்.

இன்னும் ஒரு குடும்பம்தான் பாக்கி. அதுவும் தட்டிப்போனால் என் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். நான் கடைக்குள்ளேயே கத்தினேன். "உங்க பேச்சைக் கேட்டுப் பிள்ளையை அனுப்புனவங்கல்லாம் இளிச்சவாயங்களாப்பா? அவங்களுக்கு வயிறு எரியாதா?" அப்பா லென்ஸ் தீட்டுகிற சக்கரத்தை ஓடவிட்டார். தீட்டுவதற்கு அதில் லென்ஸ் எதுவும் இல்லை.

கடைசிக் குடும்பத்துக்காரர் பஸ் டிரைவர். அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், நான் அங்கே போக வேண்டும். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா கடை அலமாரியிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். விலைச்சீட்டு காதோரம் தொங்கியது. திரையில் டிரைவர். அவர் பக்கத்தில், மொழிபெயர்க்க, முன்பு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தங்கிப் போன பெண். எங்கள் பேச்சை என் அம்மாவிடம் கற்றவள் அவள். ஆகவே அவளுக்குத் தெரிந்ததில் பாதி அதட்டல்.

அப்பா தொண்டையைக் கனைப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். "ராத்திரி கதவைப் பூட்டுவீங்களான்னு கேக்கறாரு. குடிப்பீங்களா? அடிப்பீங்களா?"

"என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி!" அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்பா, மூணு வீட்டுலயும் நீங்க இதைத்தான் கேட்டீங்க. நான்தானே எடுத்துச் சொன்னேன்? பேசாம உக்காந்து பதில் சொல்லுங்க!" திரையிலிருந்து அதட்டினாள் அந்தப் பெண். அச்சு அசல் அம்மாவின் குரல். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அப்பா உட்கார்ந்தார். பூட்டுவோம், குடிக்கமாட்டேன், அடிக்கமாட்டேன் என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்க ஊர்ல சில பேர் எங்களை இன்னும் எதிரியாத்தான் பாக்கறாங்களாமே. என் பொண்ணை யாராவது ஏதாவது சொல்லிட்டா?"

நாய், குளிர், மாடிப்படி என்று அப்பா இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தது இந்தக் கேள்வியைத்தான். அதைக் கேட்க மன்றம் நடத்துகிற அவருக்கு வெட்கம். அந்த மனிதர் நேராகக் கேட்டுவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் இருக்கேன்னு சொல்லும்மா."

டிரைவர் தலையாட்டினார். "என் பொண்ணு அழுதா வெளியே தெரியாது. பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுத்தான் அழுவா. ரொம்ப நேரம் தண்ணி ஓடினா கதவைத் தட்டுங்க. உங்க பொண்ணு எப்படி?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ அழமாட்டா. சண்டை போடுவா. வாய் ஓயாது. வாயை மூடிட்டு இருந்தான்னா மனசு சரியில்லேன்னு அர்த்தம். அன்னைக்கு மட்டும் எனக்கு ஒரு ஃபோன் போடச் சொல்லு."

எனக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. இந்த மனுஷன் என்னை இவ்வளவு கவனித்திருக்கிறாரா!

நான் போனேன், அவள் வந்தாள். அவள் முகம் கழுவப் போனாலே அப்பா கதவருகில் போய் நிற்கிறாராம், அம்மா தகவல். அங்கே எனக்கு எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பள்ளியில் ஒருத்தன் அந்தப் பழைய சண்டையைச் சொல்லி என்னைப் பார்த்துக் காறித் துப்பும் வரை. டிரைவர் வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துவைத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய் அப்பாவுக்கு ஃபோன் போட்டார். எங்கள் பேச்சில் மொழிபெயர்த்த பெண் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றிரண்டு சொல்தான். "வாய். இல்லை," என்று ஃபோனில் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்னடி ஆச்சு?" என்றார் அப்பா.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். துப்பினவனைத் திட்டினேன். குளிருக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்த, கொசுவலை மாதிரி சட்டையைத் திட்டினேன். நாயைச் சாக்குச் சொன்னதற்குத் திட்டினேன். மூக்கு ஒழுக ஒழுகத் திட்டினேன். "திட்டு, நல்லாத் திட்டு," என்றார் அப்பா.

டிரைவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. மனைவியைப் பார்த்து ஏதோ சொன்னார், நாற்காலியில் உட்கார்ந்தார், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுவரை அவர் சாப்பிடவே இல்லை.