டோக்கன் எடுத்த பேராசிரியை

வளைகுடா நாட்டில், முவைலாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டருக்கு ஒரு வாரம் தினமும் வந்தார் அந்த யாழ்ப்பாணத்துச் சட்டப் பேராசிரியை. நரைத்த கூந்தல், காதோரம் செருகிய பென்சில். காலையில் கடையில் ஈ காக்கை இருக்காது. ஆனாலும் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நான் எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வருவார். எனக்குச் சிரிப்பாக வரும், பிடித்தும் இருந்தது.

எதிர்த்துக் கேட்க ஆளில்லாத ஆட்சிகளில் சட்டம் எப்படி நடக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒருநாள் ஜெராக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“தம்பி, உங்கட பாஸ்போர்ட் ஆரிட்ட இருக்கு?”

“முதலாளிகிட்டதான் மேடம்.”

“அப்பிடி வச்சிருக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கெல்லே?”

“இருக்கு மேடம். லேபர் கேம்ப்ல ஒட்டுறதுக்கு அந்த நோட்டீஸத் தமிழ்ல டைப் பண்ணதே நான்தான்.”

பென்சிலை எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். “இதை எழுதலாமோ? பேர் போடமாட்டன்.”

தலையசைத்தேன்.

அவர் ஊருக்குப் போன மறுநாள், முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். எட்டுப் பேர் தங்கும் ரூமில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தொலைந்துவிடுமோ என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் நானே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

இதையும் எழுதலாமோ என்று பேராசிரியை கேட்டிருந்தால், வேண்டாம் மேடம் என்றுதான் சொல்லியிருப்பேன்.