எட்டாவது வரி

அரிமளத்தில் அமுதவல்லிக்குச் சந்தேகப் பிராணி என்று பேர். பாலை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டாள்; தேதி பார்க்காமல் மாத்திரையைப் பிரிக்க மாட்டாள். தம்பி ஆனந்தராஜ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டுமே. அந்தச் சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

திருச்சியில் ஜெர்மன் படித்தவள். வீட்டில் இருந்தபடியே ஜெர்மன் கம்பெனிக் காகிதங்களை இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறாள். போன வருஷம் மருந்தேற்றிய மரத்தைப் பற்றி எட்டு வரிக் குறிப்பு ஒன்று வந்தது. அதில் ‘கெஸ்ஸல்ட்ருக்கிம்ப்ரெக்னியர்ட்’ என்று, ஒரே மூச்சில் சொல்ல முடியாத சொல். அகராதியை நம்பினால் கொதிகலனில் வேகவைத்த மரம் என்று ஆகிவிடும். அவளா நம்புவாள்? ரெண்டு நாள் படம் படமாகத் தேடினாள். இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, செம்பு உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ‘பிரஷர் ட்ரீட்டட்’ என்று எழுதினாள். கடைசி வரியில் சிக்கல் இல்லை: இந்த மரத்தை எரிக்கக் கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு.

இந்த வைகாசியில் ஆனந்தராஜ் புது வீடு குடிபோனான். வாசல் நிலைக்கு மரம் அன்னவாசல் பக்கம் ஒரு கடையில் வாங்கியது.

“ஜெர்மன் மரம்க்கா. கரையான் கிட்ட வராது” என்று குடிபோகிற அன்றைக்கு அக்காவிடம், கடைக்காரர் கொடுத்த இங்கிலீஷ் சீட்டை நீட்டினான்.

படித்தவள் வரிகளை எண்ணினாள். யார் யார் கை மாறி வந்ததோ, அவள் எழுதிய அதே வாக்கியங்கள். ஆனால் ஏழு வரிதான் இருந்தது; எரிக்கக் கூடாது என்ற எட்டாவதைக் காணோம்.

அடுப்போரம் மரத்துண்டுகள் கிடந்தது ஞாபகம் வர, அடுப்படிக்கு ஓடினாள். ஆத்தா மீனம்மாள் இழுப்புக்காரி. பால் காய்ச்ச அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளே எரிந்தது, ராசி என்று ஆனந்தராஜ் சேர்த்து வைத்த நிலைமரத் துண்டுகள், பச்சை பாரித்தவை.

“ஆத்தா, எந்திரி. அது விஷம்.”

“நல்ல நேரம் போகுதுடி. ஒஞ் சந்தேகத்த அங்கிட்டு வச்சுக்க.”

அமுதவல்லி குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினாள். குடிபோகும் வீட்டில் அடுப்பை அணைப்பார்களா? வந்த சனம் அடுப்படி வாசலில் கூடிவிட்டது.

“நான் வீடு கட்டுனது ஒனக்குப் பொறுக்கலையாக்கா?” என்றான் ஆனந்தராஜ்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்காகச் சீட்டை விட்டுவிடுவாளா? கீழ் ஓரத்தைக் காட்டினாள். கத்தரி கோணலாகப் போயிருந்தது. வெட்டுப்பட்ட எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம் இருந்தது. போனில் தன் காகிதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். எட்டாவது வரியின் தலைகள் ஒவ்வொன்றாகப் பொருந்தின.

“இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டான். தமிழில் சொன்னாள்.

அவன் ஈரத் துண்டுகளை வாரிச் சாக்கில் கட்டினான். ஆத்தாவை வாசலில் காற்றாட உட்கார வைத்து, வேறு மூணு செங்கல்லைக் கூட்டித் தென்னமட்டையால் தீ மூட்டினான். நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கையில் பால் பொங்கியது.

முதல் டம்ளரை அக்காவிடம் நீட்டினான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அவன் சிரிக்கவில்லை. தன் டம்ளரை எடுத்து, அவனும் ஒருதரம் முகர்ந்து பார்த்தான்.