முப்பத்தாறில் ஒன்பது

ஈர பிரஷ்ஷின் நுனியில் நூல் பருமனுள்ள புழு ஒன்றை ஏற்றி, "இறங்குடா ராசா, இந்த இலை உனக்குத்தான்" என்கிறார் புழு அக்கா. ராசா இறங்க மனமில்லாமல் நெளிகிறது. அக்கா அவசரப்படுவதில்லை. பதினொரு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்துப் புழுக்களுக்குச் சோறு போடுவது அவர் வேலை. பக்கத்து அறையில் தட்டச்சு செய்வது என் வேலை.

புழு அறையில் இரண்டு வம்சங்கள். ஒரு செடி, தன்னைத் தின்ன வருபவர்களுக்காகத் தன் இலையில் நஞ்சு வைத்திருக்கிறது. ஒரு வம்சம் அதையும் தின்று கொழுக்கும். மற்றது இரண்டே நாளில் சுருண்டுவிடும். "திமிரு இல்ல தம்பி, பரம்பரைச் சொத்து" என்பார் அக்கா. அவர் கணவருக்கு மட்டும் ஒரு மனக்குறை: "நேரத்துக்குச் சாப்பாடு வேணும்னா நானும் புழுவாத்தான் பொறக்கணும்."

போன மாதம் வினை வந்தது. நோஞ்சான் வம்சத்துக்கு நஞ்சிலை போட்டுப் பார்த்தபோது ஒன்பது புழுக்கள் சாகவில்லை. ஆய்வாளர் முகம் கறுத்துவிட்டது. "உங்க பிரஷ் வழியா ரெண்டும் கலந்துபோச்சும்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

மூன்று வருட உழைப்பு. அதோடு அக்காவின் நல்ல பெயரும் போகிறது. அவர் அழவில்லை, கத்தவில்லை. தன் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு அந்துப்பூச்சி ஜோடியின் பிள்ளைகளையும் தனித்தனி டப்பாவில் வைத்து எண் போடுவது, யாரும் சொல்லாமல் அவராகச் செய்வது. வேலையற்ற வேலை என்று நாங்கள் கேலி செய்ததுண்டு.

"நாப்பது டப்பா சார். பிரஷ் தப்பு செஞ்சிருந்தா அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கணும்ல? ஒன்பதும் பதினேழாம் டப்பாவுலதான் இருக்கு. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அதுல நான் விட்டது முப்பத்தாறு."

ஆய்வாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நாலில் ஒன்று! தாயும் தகப்பனும் நஞ்சைத் தாங்கும் மரபணுவை ஆளுக்கொரு பங்கு வெளியே தெரியாமல் சுமந்திருக்கிறார்கள். இரண்டு பங்கும் வாய்த்த பிள்ளைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. கலப்படம் இல்லை. நோஞ்சான்களுக்குள்ளேயே தெம்பு ஒளிந்திருந்திருக்கிறது. என்னமோ நானே கண்டுபிடித்ததுபோல் அன்று கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் காலை ஆய்வாளர் புழு அறைக்கே வந்தார். "அவசரப்பட்டுப் பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதீங்க. அந்த ஒன்பது பேரையும் நான் பாக்கலாமா?" என்று டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்கா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூலையிலிருந்த குழாயையும் சோப்பையும் மோவாயால் காட்டினார்.