மாமியார் தெருவில் எறாவுக்குத் தடை

இன்று ராயபுரத்தில் மாமியார் வீட்டு விருந்து. டிராமில் போகும்போதே, இலையில் எறா விழுமோ என்று பயந்தேன்.

எறா, அதாவது இறால், எனக்கு ஆகாது. போன தடவை, மறுத்தால் மரியாதையில்லை என்று தின்றுவிட்டு, முகம் வீங்கி மூச்சுமுட்டிப் படுத்தேன். கட்டுமரக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்கு எவ்வளவு வெட்கம்!

இன்று இலையில் வெறும் வஞ்சிரம்தான்.

மாமியார் சொன்னார்: "பயப்படாம துன்னுங்க மாப்ள. வாசன கூட ஒங்க மேல படாம இருக்க, இன்னிக்கு எந்த வூட்லயும் எறா ஆக்கக் கூடாதுன்னு தெருவுக்கே சொல்லிக்கீறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் காரம் என்று சமாளித்தேன்.

மச்சான் மட்டும் முறைத்தான். "வலை நெறைய எறா மாட்டிக்கீது மாமு. துன்னத்தான் வழியில்ல!"

எனக்காக ஒரு தெருவே வாயைக் கட்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறும் அழைத்திருக்கிறார்கள். போகட்டுமா, தெருக்காரர்கள் பாவம் என்று போகாமல் விட்டுவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.