ஒரு தாளில் தவறியவர்கள்

எம்.ஏ. தேர்ச்சி விதிகளை எழுதும் பல்கலைக்கழகக் குழுவில் அப்போது நான் இருந்தேன். வரைவைப் பெரம்பலூர் கடைத்தெருவில் ஒருவரிடம் டைப் அடிக்கக் கொடுப்பேன். ஒல்லியானவர். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூலால் கட்டியிருப்பார். அடிக்கும் வரியை முணுமுணுத்துக்கொண்டே அடிப்பார்.

ஒரு தாளில் தவறினாலும் எல்லாத் தாள்களையும் மறுபடி எழுத வேண்டும் என்ற வரியில் அவர் கை நின்றது.

“பாஸான பேப்பரையுமாங்க சார்?”

“ஆமா. பழைய விதிதான்” என்றேன், விதி எழுதுகிறவனின் திமிரோடு.

“சரிங்க” என்று அடித்துக் கொடுத்தார்.

கூட்டத்துக்குப் போகும்போது, பஸ் பாடாலூர் தாண்டியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கூட்டத்தில் அதையே கேட்டேன். பெரிய சண்டைக்குப் பிறகு, தவறிய தாளை மட்டும் எழுதினால் போதும் என்று முடிவாயிற்று.

திருத்திய வரைவைப் பெருமையோடு அவரிடமே கொண்டுபோனேன். அந்த வரியை வாய்விட்டு இரண்டு முறை படித்தார்.

“முன்னாடி எழுதுனவங்களுக்கும் உண்டுங்களா?”

“இல்லைங்க. இனிமே சேர்றவங்களுக்குத்தான்.”

“அதுவும் நல்லதுதாங்க சார். வர்ற புள்ளைங்களாவது பொழச்சுக்கும்” என்று சிரித்தார்.

யாருக்காகக் கேட்டார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விதி எந்த ஆண்டு முதல் அமலுக்கு வரும் என்பது அடுத்த வரி. அதை மட்டும் அவர் முணுமுணுக்காமல் அடித்தார்.