பச்சை ஒயர்

பட்டறையின் பின்சுவரை ஒட்டி, சிமெண்டு மூடி போட்ட ஒரு சிறு குழியில் அவர் வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்ததும் அங்கேயே குனிந்து, தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஆசையாக வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "என்ன செடி?" என்று கேட்டுவிட்டேன்.

"செடி இல்ல சார், எர்த்து. மண்ணு காஞ்சு போச்சுன்னா கரண்டு கீழ இறங்காது. காயவிடக் கூடாது" என்றார். அடை மழைக் காலத்திலும் அவர் இந்த ஒரு வாளியை நிறுத்துவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "கை பழகிருச்சு" என்பார்.

அந்த மரப்பட்டறையில் மின்கருவிகள் வைத்திருக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'எர்த் அண்ணன்'. முதலாளிக்கு எழுபது வயது. அவரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். நான் அங்கே ஒரு புத்தக அலமாரி செய்யக் கொடுத்திருந்தேன். "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அவர்களுடைய அடுத்த வாரம் நாலு மாதம் நீண்டது. அந்தப் புண்ணியத்தில்தான் இந்த மனிதரை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிந்தது.

காலையில் வந்ததும் அவர் எக்ஸ்டென்ஷன் ஒயர்களை ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து இறக்குவார். கண்ணை மூடிக்கொண்டு, ஒயரை உள்ளங்கை வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவுவார். எங்காவது ஒரு கீறல், ஒரு வீக்கம், ஒரு சிறு நெளிவு கைக்குத் தட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடுவார். அடுத்தது விளக்குச் சோதனை. இரண்டு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர், அவரே செய்துகொண்டது. எர்த் ஒயரின் இரண்டு முனைகளிலும் அதை வைத்தால், உள்ளே அறுபடாமல் இருக்கும்வரை பல்பு எரியும். கடைசியாக, மெஷினை மாட்டி ஓடவிட்டு, அதன் இரும்பு உடம்பைப் புறங்கையால் தொடுவார். உள்ளங்கையால் தொட மாட்டார். கரண்டு அடித்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், பிடித்ததை விடாது. புறங்கை என்றால் தானே உதறிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். "ஆனா இத யாரும் பழகக் கூடாது. இது எனக்கு மட்டும்" என்று உடனே சேர்த்துக்கொண்டார். ஏன் அவருக்கு மட்டும் என்று நான் அப்போது கேட்கவில்லை.

ஒயர் விஷயத்தில் அவருக்கு ஏகப்பட்ட கண்டிப்பு. கிழிந்த ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டு வந்தால் முகம் மாறிவிடும். "டேப்பு சுத்தினா ஆறிப்போறதுக்கு அதென்ன காயமா?" என்று கேட்டு, அந்த ஒயரை முழ நீளத் துண்டுகளாக வெட்டிப் போட்டுவிடுவார். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் போய் மாட்டிவிடுவார்களாம். உருளையில் சுற்றிய ஒயரைக் கடைசிச் சுற்று வரை இழுத்துவிட்டபிறகுதான் ஆளை நகரவிடுவார். அப்படிச் சுற்றியபடியே பெரிய ரம்பத்தை ஓட்டியதில் சூடேறி உருகிப்போன ஓர் உருளை அவர் அறைச் சுவரில் தொங்குகிறது. வாக்குவாதம் செய்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அதைக் கையால் காட்டுவார், அவ்வளவுதான். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றை மாட்டினால் அன்றைக்கு அந்தத் தச்சருக்குக் கருவி கிடையாது. பிளாஸ்டிக் உடம்பு மெஷின்கள் இரண்டு பின்னோடு வருமே என்று நான் என் மேதாவித்தனத்தைக் காட்டியபோது, ஒன்றை எடுத்துத் திருப்பி, சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியைக் காட்டினார். "இது இருந்தா சரி. உள்ளுக்குள்ளயே ரெண்டு பாதுகாப்பு வெச்சிருக்கான். இல்லாட்டி மூணு பின்னு கட்டாயம்" என்றார்.

மூன்றாவது ஒயரைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "ரெண்டு ஒயரு வேலை பாக்கும் சார். பச்சை ஒயரு சும்மா கிடக்கும். வருஷக்கணக்கா சும்மாதான் கிடக்கும். சும்மா கிடக்கிறதுக்கு எதுக்குன்னு வெட்டிருவாங்க. ஆனா உள்ள ஏதாவது அறுந்து இரும்புல பட்டுச்சுன்னா, அந்தக் கரண்ட மண்ணுக்குக் கொண்டு போறது அதுதான். அது இல்லன்னா நம்ம உடம்பு வழியாத்தான் மண்ணுக்குப் போகும்."

இன்னொரு வழக்கமும் உண்டு. கருவியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பத் தரும்போதும் மேசையில்தான் வைக்க வேண்டும். கையை நீட்டுகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். புதிதாக வருகிறவர்கள் கர்வம் பிடித்த ஆள் என்று முணுமுணுப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அதே பட்டறையில் மரம் தேய்க்கிற வேலை அவருடைய தங்கைக்கு. இருவரும் பேசிக்கொள்வதில்லை. தினமும் காலையில் தங்கை வந்து தன்னுடைய பழைய தேய்ப்பு மெஷினையும் ஒயரையும் மேசையிலிருந்து எடுத்துப்போவார். முற்றத்தில் ஒயரை இரண்டு முனைகளும் தன் பக்கம் வரும்படி வளைத்து நீட்டிப் போட்டு, தன் பையிலிருந்து தன்னுடைய சொந்த விளக்கை எடுத்து, அண்ணன் பார்த்து முடித்ததை எல்லாம் முதலிலிருந்து மறுபடி பார்ப்பார். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். தங்கை இரண்டு முனைகளையும் விளக்கில் பிடித்தபடி உட்கார, பாலிஷ் போடுகிற பெண் ஒயர் நெடுக ஒவ்வொரு சாணாக வளைத்து அசைத்துக்கொண்டே வருவாள். எங்காவது விளக்கு மினுக்கினால் அந்த இடத்தில் உள்ளே முறிந்திருக்கிறது என்று அர்த்தம். இது ஒன்பது வருடமாக நடக்கிறது. அண்ணன் அறை வாசலில் நின்று பார்ப்பார். சோதனை முடியும்வரை வேறு யாருக்கும் கருவி எடுத்து வைக்க மாட்டார்.

காரணத்தை மேஸ்திரிதான் என் காதோடு சொன்னார். "அந்தம்மா வீட்டுக்காரர் ஒரு இரும்புப் பட்டறையில வேலை பார்த்தாரு சார். நம்ம அண்ணனும் அங்கதான், ரிப்பேர் வேலை. கிரைண்டர் போட்டா ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்திருக்கு. இவரு மச்சான் அவசரக்காரரு. எர்த்து ஒயர வெட்டி விட்டுட்டு ஓட்டியிருக்காரு. தரையெல்லாம் ஈரம். தானே வெட்டி, தானே போய்ச் சேர்ந்தாரு. அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு? கூடப் பொறந்தவர்கிட்ட ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கணும்?" இறந்த மனிதரின் அவசரத்தை ஊரே பேசி முடித்திருந்தது. தங்கை மட்டும் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தாராம்: "அவருக்கு ஒரு பிளக்கு மாட்டத் தெரியாது. அவரு எங்கேர்ந்து வெட்டுறது?"

தங்கை இந்தப் பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, அண்ணன் தானாக வந்து கருவி அறை வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். தங்கை மறுப்புச் சொல்லவில்லை. "அவர் பார்த்ததை நானும் ஒரு தடவ பார்ப்பேன்" என்று மட்டும் முதலாளியிடம் சொல்லி வைத்தார்.

அன்றைக்கு நல்ல மழை. "இன்னிக்கு உறுதி" என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்ததால் நான் வாடகை வண்டியோடு போயிருந்தேன். என் அலமாரியின் இரண்டு கதவுகள் மட்டும் தேய்க்க பாக்கி. சாரல் அடித்து வாசல் பக்கத் தரை நனைந்திருந்தது. தங்கை மெஷினைப் போட்டார். மெயின் பலகையில் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"அண்ணே, அந்தப் பெரிய எர்த்துப் பின்ன கழட்டிட்டு ஓட்டச் சொல்லுங்க. ஒரு மணி நேர வேலைதான். சார் வண்டியோட நிக்கிறாரு" என்றார்.

அண்ணன் வேகமாக வந்து பிளக்கை உருவினார். தேய்ப்பு மேசையில் இருந்த மெஷினை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "முடியாது."

"கீழ பலகை போட்டு அது மேல நிக்கட்டும்ணே. ரப்பர் செருப்பு வேற போட்டிருக்காங்க. அப்புறம் என்ன பயம்?"

"என் மச்சானும் செருப்பு போட்டுத்தான் இருந்தான்" என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒயர வெட்டினது அவன் இல்ல. நான்."

மரம் அறுத்துக்கொண்டிருந்த கைரம்பத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான். மூணு தடவ ஃபியூஸ் போட்டேன், மூணு தடவையும் போச்சு. உள்ள என்னன்னு பிரிச்சுப் பார்க்கப் பொறுமை இல்ல. பிளக்குக்குள்ள பச்சை ஒயர வெட்டி, மடிச்சு, டேப்பு சுத்தி மூடினேன். ஃபியூஸ் நின்னுச்சு, மெஷின் ஓடுச்சு. சரியாயிருச்சு மச்சான், ஓட்டுன்னு நான்தான் அவன் கையில கொடுத்தேன். விசாரிக்க வந்தவங்க யாரு வெட்டினதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். அப்ப அவனேதான் வெட்டியிருப்பான்னு அவங்களா எழுதிக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கல. பத்து வருஷமா செத்தவன் தலையில போட்டு வெச்சிருக்கேன்."

எல்லோரும் தங்கையைப் பார்த்தோம். அந்த அம்மா அழவில்லை. கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே, பத்து வருடத்தில் முதல் தடவையாக அண்ணனிடம் நேராகப் பேசினார்.

"தெரியும். ஒயர மூணா மடிச்சு டேப்பு சுத்துற பழக்கம் யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பிளக்க அவங்க பிரிச்சப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்ணே. அவரு பேரு கெட்டுக் கிடக்குதேன்னு ஒரு நாளாவது உனக்குத் தோணும்னு பார்த்தேன்."

பையை எடுத்துக்கொண்டு, குடை கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அங்கேயே மெஷினைப் பிரிக்கத் தொடங்கினார். கைப்பிடிக்கு உள்ளே ஒரு ஒயர் இரும்பு விளிம்பில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அது மெஷினின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை மேஸ்திரியிடம் நீட்டிக் காட்டினார். மேஸ்திரி பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெரிய பின் கழன்றிருந்தால், என் இரண்டு கதவுகளுக்காகக் கழன்றிருக்கும். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாலு நாள் தங்கை வேலைக்கு வரவில்லையாம். இனி வரவே மாட்டார் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தத் தேய்ப்பு மெஷினைச் சோதித்து, மேசையில் எடுத்து வைத்து, சாயங்காலம் திரும்ப உள்ளே வைத்திருக்கிறார். செத்தவர் மேல் எழுதிய பழியைத் திருத்தச் சொல்லி எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டாராம். அவரே போய் எழுதியும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் தனக்கு என்ன வரும் என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நான் போயிருந்தேன். அலமாரிக்காக அல்ல, அதைக் கேட்கும் தைரியம் எனக்குப் போய்விட்டிருந்தது. இவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கத்தான் போனேன். "எழுதுங்க. நான் வெட்டினதையும் எழுதுங்க. மெஷின் பிடிக்கிறவங்க நாலு பேரு படிப்பாங்க" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

தங்கை வந்தார். மேசையிலிருந்து மெஷினையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல முற்றத்துக்குப் போனார். ஒயரை முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டார். பையிலிருந்து தன் விளக்கை எடுத்து வைத்தார். பாலிஷ் போடுகிற பெண் ஓடி வந்தாள். "நீ போய் உன் வேலையப் பாரும்மா" என்று தங்கை அவளைத் திருப்பி அனுப்பினார்.

அண்ணன் வழக்கம்போல அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தங்கை ஒயரின் இரண்டு முனைகளையும் விளக்கில் பொருத்தினார். பிறகு ஒயரின் நடுவில் ஒரு வளையத்தை எடுத்து, அவர் இருந்த பக்கமாக நீட்டினார்.

"நீ அசைச்சுக்கிட்டு வாண்ணே. நான் விளக்கப் பார்த்துக்கிறேன்."

அவர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். தங்கை அதைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டு, அந்தக் கையிலிருந்தே ஒயரை வாங்கிக்கொண்டார்.